உருண்டு நின்ற சொட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் கம்பெனி, இடுப்பு மூட்டு ஆபரேஷனில் வைக்கிற டைட்டானியத் தண்டு செய்கிறது. ரயிலில் யாராவது எங்கே வேலை என்று கேட்டால் "மெடிக்கல் ஐட்டம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். முழுசாகச் சொன்னால் "இரும்பையா மேடம் உடம்புக்குள்ள வைக்கிறாங்க?" என்று ஆரம்பிப்பார்கள். பொன்னேரி வருவதற்குள் அதற்குப் பதில் சொல்லி முடியாது.

தண்டு ஒரு சாண் நீளம் இருக்கும். தொடை எலும்பைக் குடைந்து அதற்குள் இறக்குவார்கள். சிமெண்ட் போட்டு ஒட்டுகிற வகையும் உண்டு. எங்களுடையது சிமெண்ட் இல்லாதது. நோயாளியின் எலும்பே வளர்ந்து வந்து அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொண்டால் அவர் மாடிப்படி ஏறுவார், பஸ்ஸில் நின்றுகொண்டு போவார். பிடிக்காவிட்டால் தண்டு உள்ளே ஆடும், ஒவ்வொரு அடிக்கும் வலிக்கும், கடைசியில் மறுபடியும் அறுத்து எடுக்க வேண்டும்.

இதற்கு முன் எட்டு வருஷம் நான் ஒரு வால்வு கம்பெனியில் இருந்தேன். அங்கே முகம் தெரிகிற அளவுக்குப் பாலிஷ் போட்டால்தான் பாஸ். இங்கே வந்த முதல் வாரம், பளபளவென்று வந்த தண்டுகளை ஒரு கூண்டுக்குள் வைத்துக் கடினமான மணலை அவற்றின் மேல் பீய்ச்சி அடிப்பதையும், பிறகு ஆசிடில் முக்குவதையும் பார்த்து எனக்குப் பதைத்தது. வெளியே வரும்போது தண்டு சாம்பல் பூசினது போல மங்கிப் போயிருக்கும். அந்த மங்கல்தான் சரக்கு. வழவழப்பான உலோகத்தைச் சுற்றி உடம்பு பெரும்பாலும் ஒரு மெல்லிய சவ்வைப் போட்டு அதைத் தள்ளிவைத்துவிடும். நுண்ணிய பள்ளமும் மேடுமாக இருந்தால் எலும்புச் செல்கள் வந்து கால் பரப்பி உட்கார்ந்து எலும்பு கட்டும். இதைப் படித்து, கேட்டு, புரிந்துகொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது.

சொரசொரப்பு மட்டும் போதாது, சுத்தமும் வேண்டும். தண்டு உள்ளே போனதும் அதைத் தொடுகிற முதல் பொருள் ரத்தம். ரத்தம் அதன் மேல் பரவி ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கினால்தான் அதில் இருக்கிற புரதங்கள் அங்கே படியும். அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டுதான் செல்கள் உட்காரும். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு இருந்தாலும் போச்சு. ரத்தம் பரவாது, பின்னால் வருகிற எதுவும் சரியாக நடக்காது.

அதைப் பார்க்க எங்களிடம் இருந்தது ரொம்ப எளிமையான சோதனை. ஒரே தடவையில் செய்கிற தொகுதியை லாட் என்போம். ஒவ்வொரு லாட்டோடும் அதே டைட்டானியத்தில் வெட்டிய சின்ன வில்லைகள் சில போகும். தண்டு படுகிற பாடு எல்லாம் அந்த வில்லைகளும் படும். கழுவிக் காய்ந்த உடனே ஒரு வில்லையை எடுத்து அதன் மேல் ஒரு சொட்டு சுத்தமான தண்ணீர் விடுவேன். சொட்டு படுத்துப் பரவினால் நல்லது. உருண்டையாக எழுந்து நின்றால் மேலே ஏதோ படிந்திருக்கிறது.

மூன்று வருஷத்தில் உருண்டு நின்றது கிடையாது. அந்தக் கார்த்திகை மாதம் நின்றது.

வாஷிங் ரூமில் அப்போது ஒருத்திதான் இருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். புருஷன் இறாலுக்கும் நண்டுக்கும் படகு போடுகிறவர். காலையில் பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டி, அப்புறம் கம்பெனி வேன். இரண்டு வருஷத்தில் அவள் தாமதமாக வந்து நான் பார்த்ததில்லை. தண்டுகளைத் தட்டில் அடுக்கி, அதிர்கிற தொட்டியில் இறக்கி, எடுத்து, அலசி, காற்றுத் துப்பாக்கியால் தண்ணீரை ஊதித் தள்ளி, உலர்த்துகிற ஓவனில் வைப்பதுவரை எல்லாம் அவள் வேலை.

சாப்பாட்டு நேரத்தில் அவள் டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாசனை வரும். பேக்கிங் பெண்கள் சிரித்துக்கொண்டே மேஜையின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே தனியாகச் சாப்பிடுவாள். நான் இன்சார்ஜ். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்கு மழை விட்டிருந்த காலை. முதல் வில்லையில் சொட்டு முத்துப்போல நின்றது. இரண்டாவது வில்லை, மூன்றாவது வில்லை, அப்படியே. பாட்டில் தண்ணீரை மாற்றிப் பார்த்தேன். மாற்றமில்லை. மறுநாள் அனுப்ப வேண்டிய லாட். மேனேஜருக்குச் சொன்னேன். அவர் வேகமாக வந்து வில்லையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எண்ணெய் தானே?"

"அப்படித்தான் தெரியுது சார்."

"வாஷிங்ல யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் பேக்கிங் பக்கத்திலிருந்து ஒரு பெண் "மீன் எண்ணெயா இருக்கும் சார்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் மனசு லேசானதை ஒத்துக்கொள்ள வேண்டும். காரணம் கிடைத்துவிட்டது.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். தொப்பியும் மாஸ்க்குமாக வந்து நின்றாள்.

"வேலைக்கு வரதுக்கு முன்னாடி மீன் கழுவுனியா?"

"ஆமா சார். காத்தால ஊட்ல மீன் ஆஞ்சி வச்சிட்டு தான் வருவேன்."

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கினா" என்று என் பக்கம் திரும்பினார்.

"இன்னா சார் ஒத்துக்கினேன்? ஊட்ல சோப்பு போட்டு கழுவுறேன். இங்க வந்து திரும்பி கழுவுறேன். ரெண்டு கிளவுசு மாட்டிக்கினு தான் எதையும் தொட்றேன்." அவள் என்னைப் பார்த்தாள். "மேடம், நீங்க தினமும் பாக்கறீங்க இல்ல? நீங்க சொல்லுங்க."

நான் தினமும் பார்த்ததுதான். அவள் கிளவுசு இல்லாமல் ஒரு நாளும் நின்றதில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "நீ கொஞ்ச நாள் ஊட்ல இரும்மா. விசாரிச்சிட்டு கூப்பிடறோம்" என்றேன்.

அவள் தொப்பியைக் கழற்றி, நான்காக மடித்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். அழவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சமாதானமாக இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். லாட்டை அனுப்பாமல் ஒதுக்கி வைத்தாலும் அதை நிரப்பாமல் ரிப்போர்ட்டை மூட முடியாது. "ஆபரேட்டரின் கையிலிருந்து எண்ணெய்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த இடத்தில் வேறொரு பெண்ணைப் போட்டோம். கும்மிடிப்பூண்டி பஜார் பக்கம் வீடு, சுத்த சைவம். ஆறாம் நாள் அடுத்த லாட் வந்தது. வில்லையை எடுத்து வைத்தேன். சொட்டு விட்டேன். உருண்டு நின்றது.

அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் நானே கிளவுசு மாட்டிக்கொண்டு வாஷிங் ரூமுக்குப் போனேன். புது வில்லைகள் நாலு எடுத்து ஒரே தட்டில் வைத்து, முன்பு இருந்தவள் செய்த மாதிரியே கழுவினேன். இரண்டைக் காற்றுத் துப்பாக்கியால் ஊதிவிட்டு ஓவனில் வைத்தேன். இரண்டை ஊதாமல், ஈரத்தோடு அப்படியே வைத்தேன். காய்ந்ததும் சொட்டு விட்டேன். ஊதாத இரண்டிலும் தண்ணீர் படுத்துப் பரவியது. ஊதிய இரண்டிலும் எழுந்து நின்றது.

எண்ணெய் காற்றில் இருந்தது.

ஒரு கண்ணாடித் துண்டைத் துடைத்து, துப்பாக்கி முனைக்கு நேராகப் பிடித்துச் சில நிமிஷம் ஊதினேன். ஜன்னலுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தபோது மழைத் தண்ணீரில் டீசல் மிதப்பது போல லேசாக வானவில் நிறம் ஓடியது. கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்த ஃபிட்டர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஃபில்டர் மாத்தற தேதி தாண்டிடுச்சி மேடம். ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தேன், புதுசு வரல. வெறும் காத்து தானே, இன்னா ஆவப்போவுதுன்னு உட்டுட்டேன்."

"அந்தக் காத்துல கம்ப்ரஸர் எண்ணெய் கலந்து வருதுண்ணா. அதை தண்டு மேல ஊதிக்கினு இருக்கோம்."

அவர் முகம் மாறியது. "அப்போ அந்தப் பழவேற்காட்டுப் பொண்ணு...?" என்றார். தலையை ஆட்டினேன். ஷெட்டுக்குள் போய் மெஷினை நிறுத்தினார்.

மேனேஜர் நான் சொன்னதைக் கேட்டதும் ஒன்றும் மறுக்கவில்லை. அன்றைக்கே ஃபில்டரை வரவழைத்தார், குழாய்களைச் சுத்தம் செய்ய வைத்தார், இரண்டு லாட்டையும் மறுபடி கழுவச் சொன்னார். வேலையில் அவர் கெட்டிக்காரர். எல்லாம் ஆன பிறகு, "அந்தம்மாவுக்கு ஒரு போன் போட்டு வரச் சொல்லிடுங்க" என்றார்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுநாள் புருஷன் எடுத்தார். "தேர்வாய் கண்டிகையில ஒரு கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம் மேடம். அங்க போவட்டும். உங்க கம்பெனி வாணாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்கு மேல் போனில் என்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வீட்டுக்கு வராமல் நேராகப் பொன்னேரி போய்ப் பழவேற்காடு பஸ் ஏறினேன். ஜெபத்தில் மனசு நிற்கவே இல்லை. என் அப்பா நிலத்துக்காரர்களின் களத்தில் கூலி வேலை செய்தவர். ஒரு தடவை களத்தில் ஏதோ காணாமல் போனபோது முதலில் அவர் மடியைத்தான் அவிழ்த்துப் பார்த்தார்களாம். அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறேன். அப்படிப் பல்லைக் கடித்த நானேதான் இதையும் செய்திருக்கிறேன் என்று பஸ் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அரசாங்கம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் வலையைப் பரப்பி வைத்து அதில் சிக்கியிருந்த நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். புருஷன் கொஞ்சம் தள்ளி படகு எஞ்சினைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பவும் எஞ்சினிடமே போய்விட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

"வாங்க மேடம்" என்றாள், நண்டின் காலை வலையிலிருந்து விடுவித்தபடி.

வரும் வழியில் எத்தனையோ வாக்கியம் தயார் செய்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "உன் மேல தப்பு இல்லம்மா" என்றேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். உங்களுக்குத் தெரிய ஆறு நாளு ஆச்சி. அவ்ளோ தான்."

புருஷன் கையில் ஸ்பேனரோடு ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டாவது லாட், நாலு வில்லை, கண்ணாடி, கம்ப்ரஸர். அவள் கை நிற்காமல் கேட்டாள். கடைசியில்தான் நிமிர்ந்தாள்.

"அப்போ நானே தான் துப்பாக்கிய புடிச்சிக்கினு எண்ணெய ஊதிக்கினு இருந்தேனா?"

"உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியல."

"எத்தினி தண்டு மேடம் வெளிய போச்சி?"

அவளைப் பற்றி அவள் கேட்கவில்லை. தண்டைப் பற்றிக் கேட்டாள். ஒன்றும் போகவில்லை, இரண்டு லாட்டும் உள்ளேதான் இருக்கிறது, அதற்கு முந்தின லாட்டில் சொட்டு நன்றாகப் பரவியது என்று சொன்னேன். மூச்சை விட்டாள். பிறகு, "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சிக்காதீங்க. ரெண்டு வருசமா கழுவுறேன். அந்த சொட்டு நின்னா இன்னா, படுத்தா இன்னா? யாரும் எனக்கு சொன்னதில்ல" என்றாள்.

எனக்கு அது அடுத்த அடி. தொட்டியின் சூடு எவ்வளவு, எத்தனை நிமிஷம், எத்தனை தடவை அலச வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம். ஏன் என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. நானும்தான்.

வலைப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொன்னேன். முதலில் ரத்தம் வரும், பள்ளங்களில் இறங்கிப் பரவும், அதில் இருக்கிற புரதம் படியும், அப்புறம் எலும்புச் செல் ஒவ்வொன்றாக வந்து பிடித்துக்கொள்ளும், பரந்து உட்காரும், பெருகும், சுற்றிலும் எலும்பு கட்டும். எண்ணெய் இருந்தால் புரதம் ஒழுங்காகப் படியாது, செல் வந்தாலும் கால் ஊன்றாமல் உருண்டு கிடக்கும், கொஞ்ச நேரத்தில் விலகிவிடும். உள்ளே போனவருக்குத் தண்டு பிடிக்காது.

"அப்போ நான் கழுவுறது தண்ட இல்ல. அந்த செல்லு வந்து குந்தற எடத்த" என்றாள்.

நான் இத்தனை வருஷத்தில் யாரிடமும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"வேலைக்கு வரியா?" என்று கேட்டேன்.

நண்டுகளை அலுமினியக் குண்டானில் போட்டு மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். "அவரு எல்லார் முன்னாடியும் தானே கேட்டாரு, மீன் கழுவுனியான்னு? தப்பு இல்லன்றதையும் எல்லார் முன்னாடியும் சொல்லணும். அப்பறம் நீங்க பேப்பர்ல எழுதினீங்களாமே. பேக்கிங்ல ஒரு பொண்ணு போன்ல சொல்லிச்சி. அதுல என் பேரு இருக்குதா?"

"பேரு இல்ல. ஆபரேட்டர்னு தான் இருக்கு."

"வாஷிங்ல நான் ஒருத்தி தான் மேடம்."

தலையைக் குனிந்துகொண்டேன். "அதை மாத்தி எழுதறேன்" என்றேன். "எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"சார் ஒத்துக்கலன்னா?"

"எழுதினது நான். அவர் ஒத்துக்க வேண்டியது இல்ல."

நான் கிளம்ப எழுந்தபோது அவள் விடவில்லை. "இவ்ளோ தூரம் வந்துட்டு சாப்டாம போவக் கூடாது" என்று உள்ளே கூட்டிப் போய் நண்டுக் குழம்பு ஊற்றினாள். புருஷனும் கை கழுவிக்கொண்டு வந்து கூட உட்கார்ந்தார். நண்டை எங்கே உடைத்தால் சதை முழுசாக வரும் என்று அவர்தான் காட்டினார். நன்றாகச் சாப்பிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸிலும் ரயிலிலும் என் விரல்களில் அந்த வாசனை இருந்தது. வீட்டில் போய் சோப்புப் போட்ட பிறகும் கொஞ்சம் இருந்தது.

திங்கட்கிழமை காலை சீக்கிரமே போனேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய காரியத்தை அப்போதுதான் செய்தேன். நண்டு தொட்ட அதே கையைக் கழுவி இரண்டு கிளவுசு மாட்டி, கழுவி உலர்ந்த வில்லை ஒன்றை விரலால் அழுத்திப் பிடித்து எடுத்து வைத்துச் சொட்டு விட்டேன். பரவியது. இன்னொன்றிலும் பரவியது.

மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "ரிப்போர்ட்டைத் திருத்துங்க, அது சரி. எல்லார் முன்னாடியும் எதுக்கு மேடம்? நாளைக்கு ஆளாளுக்குக் கேட்பாங்க. பேஜாரு."

"அன்னிக்கு நீங்க அவளக் கேட்டப்போ எல்லாரும் இருந்தாங்க சார்."

"நீங்க பேசறதா இருந்தா பேசுங்க. எனக்கு வேலை இருக்கு."

ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் எல்லோரும் ஹாலில் நிற்பது வழக்கம். நேற்று எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு என்று வாசிப்பேன். அன்றைக்கு அதை வாசிக்கவில்லை. நான் சொல்வதைக் கேட்க வந்திருந்த அவள் கடைசி வரிசையில் வெளி உடுப்போடு நின்றுகொண்டிருந்தாள். "அன்னிக்கு சொட்டு நின்னப்போ, இவங்க கையில எண்ணெய் இருந்ததுன்னு நான் எழுதினேன். அது தப்பு. எண்ணெய் கம்ப்ரஸர் காத்துல இருந்து வந்தது. நான் எதையும் சோதிச்சுப் பாக்கல. மீனவ ஊருக்காரங்கன்றதால சுலபமா எழுதிட்டேன். இவங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

மீன் எண்ணெய் என்று சொன்ன பேக்கிங் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் கதவருகே நின்று, "ஃபில்டர் என் பொறுப்பும்மா" என்று சத்தமாகவே சொன்னார். மேனேஜர் எப்போது வந்து நின்றார் என்று நான் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானும் விசாரிக்காம கேட்டுட்டேன். மனசுல வச்சிக்காதம்மா" என்றார்.

அவள் "சரி சார்" என்றாள். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உடை மாற்றப் போனாள்.

ரிப்போர்ட்டில் அந்த வரியை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியான காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் விதிப்படி அடித்த வரியும் படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். இன்றைக்கும் ஃபைலைத் திறந்தால் இரண்டும் தெரியும்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டில் இரண்டு பேர் அவள் மேஜைக்கு வந்தார்கள், மற்றவர்கள் பழைய இடத்திலேயே இருந்தார்கள். நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு அவளோடு உட்கார ஆரம்பித்தேன். முதல் சில நாள் நாங்கள் இருவருமே பேசாமல்தான் சாப்பிட்டோம்.

மாசி மாதம் எங்கள் வில்லைகளைச் சென்னையில் ஒரு கல்லூரி லேபுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. அவர்கள் அதன் மேல் செல் வளர்த்துப் பார்த்துச் சொல்வார்கள். வழக்கமாக நான் தனியாகப் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். அந்தத் தடவை வளர்த்து முடித்ததைப் பார்க்க அவளையும் கூட்டிப் போகிறேன் என்றேன். மேனேஜர் தடுக்கவில்லை.

லேபில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருந்தார். முதலில் ஒரு பிளாஸ்டிக் குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைத்து உயிரோடு இருக்கிற செல்களைக் காட்டினார். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள், பிறகு இரண்டு கண்ணும் வைத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் சொன்னார்.

"இதுங்க நகருதா?"

"நகரும். ஆனா ரொம்ப மெதுவா. நாம பாக்கறப்போ தெரியாது."

"இதுங்களுக்கு கண்ணு ஒண்ணும் இல்லையே. சொரசொரப்பு எப்படித் தெரியும்?"

"தொட்டுத்தான் தெரிஞ்சிக்கும். விரல் மாதிரி நீட்டி நீட்டித் தடவிப் பாக்கும். பிடி கிடைச்சா அங்க ஊன்றிக்கும்."

உலோகத்தின் வழியாக வெளிச்சம் போகாது என்பதால் வில்லைகளில் இருந்த செல்களுக்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். இருட்டாக்கிய அறையில் அவை திரையில் பச்சையாக ஒளிர்ந்தன, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீலப் புள்ளி. பாலிஷ் போட்ட வில்லை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தார். அதில் செல்கள் தட்டையாக, நிறையவே இருந்தன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதுல தானே நெறைய கீது?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

அந்தப் பெண் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. வழவழப்பா இருந்தா சீக்கிரம் பெருகிடும். ஆனா பெருகறது வேற, எலும்பு கட்டறது வேற. உங்க சொரசொரப்பான வில்லையில எண்ணிக்கை கொஞ்சம் கம்மியா இருந்தாலும், எலும்பு கட்டற வேலையை அதுங்க முன்னாடியே ஆரம்பிச்சிடும். இதைப் பாருங்க." அடுத்த படத்தில் செல்கள் பள்ளத்தின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நீண்ட கைகளைப் போட்டுப் பாலம் மாதிரி நின்றன.

அவள் ரொம்ப நேரம் அதைப் பார்த்தாள். "யாரோட எலும்பும்மா இது?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆபரேஷன் செய்துகொண்ட யாரோ ஒருவரை மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

"மனுஷங்களது இல்லக்கா. எலியோட செல். பல வருஷமா லேப்லயே வளந்துக்கிட்டு இருக்கு."

"எலியா!" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "ஒரு எலிக்கா மேடம் நாம இத்தினி வாட்டி கழுவுறோம்?" அந்த இருட்டறையில் மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அத்திப்பட்டு தாண்டும்போது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு நடந்தத நான் மறக்கல மேடம். கோவம் போயிடுச்சி. ஆனா மறக்கல" என்றாள்.

"மறக்க வேணாம்" என்றேன். பொன்னேரியில் இறங்கும்போது கையை ஆட்டினாள்.

இப்போது அவள் முதல் ஷிஃப்ட், நான் ஜெனரல் ஷிஃப்ட். அவளுக்குக் கீழே இரண்டு பெண்கள் வேலை கற்றுக்கொள்கிறார்கள். போன வாரம் தொட்டியின் சூடு ஏறவில்லை என்று யாரையும் கேட்காமல் லைனை நிறுத்திவிட்டாள். நான் போனபோது மேனேஜர் வாஷிங் ரூம் வாசலில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். லாரி வந்து நிற்கிறது, இரண்டு மணி நேரம் போச்சு, யாரைக் கேட்டு நிறுத்தினாய் என்று. அவள் கைகளைத் தூக்கியபடி, கிளவுசு எங்கும் படாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"சூடு ஏறட்டும் சார்" என்றாள். "ஏறினதும் நானே கூப்புடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தொட்டியின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது இன்னும் கீழேதான் இருந்தது. "லாரிக்காரரை டீ சாப்பிட்டு வரச் சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு, நானும் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.